சைக்கிளுக்கும் ரோட்டில் இடம் வேண்டும்



பெரிய நகரங்களில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட வேண்டும், அதற்கு வேக வரம்பு வைக்க வேண்டும் என்று அடிக்கடி பேச்சு அடிபடுகிறது. 'அது பட்டணத்து விஷயம், நமக்கென்ன' என்று எங்கள் அரிமளம் போன்ற ஊர்க்காரர்கள் இருந்துவிடக் கூடாது. சைக்கிளைப் பற்றிப் பேச எங்கள் புதுக்கோட்டை மாவட்டப் பெண்களுக்கு உரிமை அதிகம்.

1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொள்ளச் செய்தார். ஒன்றரை வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 'பொம்பளை சைக்கிள் விடுறதா?' என்ற கேலியை எல்லாம் காதில் வாங்காமல் கூலி வேலைக்குப் போகிறவர்களும், கல் குவாரியில் உழைக்கிறவர்களும் ஓட்டினார்கள். பிற்பாடு அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தர ஆரம்பித்தது.

இன்றைக்கு என்ன நிலைமை? பல வீடுகளில் அரசு கொடுத்த சைக்கிள் திண்ணை ஓரம் சாத்திக் கிடக்கிறது. பெண் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள், இல்லாவிட்டால் அண்ணன் வண்டியில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. ஏன்னு கேட்டா, 'ரோட்டுல வர்ற வேகத்தைப் பாத்தீங்களா? எப்படிங்க தனியா அனுப்புறது?' என்கிறார்கள். அன்று ஊர் வாய்க்குப் பயப்படாத பெண்களின் பேத்திகள், இன்று வேகத்துக்குப் பயந்து வீட்டோடு நிற்கிறார்கள். இது பெரிய நஷ்டம் இல்லையா?

வேகம் என்றால் சும்மா இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டர் போகும். 60-ல் வந்தால் 16 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தனிப் பாதை போட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? டெல்லியில் 2008-ல் பஸ்ஸுக்குத் தனித் தடம் திறந்தபோது, பக்கத்திலேயே சைக்கிளுக்கும் பாதை போட்டார்கள். அதில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து ஓடின. கடைசியில் 2016-ல் அந்தத் தடத்தையே எடுத்துவிட்டார்கள். சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலேயே சின்ன மோட்டார் வண்டிகளை சைக்கிள் பாதையில் விட்டது தொல்லையாகி, ஆம்ஸ்டர்டாம் நகரில் 2019-ல் பல இடங்களில் அவற்றைப் பொது ரோட்டுக்கு மாற்றினார்கள். 2023 டிசம்பரிலிருந்து அந்த நகரின் பெரும்பாலான ரோடுகளில் வேக வரம்பு 30 கிலோமீட்டர்தான். அந்த நாடும் சும்மா திருந்திவிடவில்லை. 1971-ல் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ரோட்டில் செத்த பிறகு, பெற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் வழி பிறந்தது.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். வேகத்தைக் குறைக்க முடியாத நெடுஞ்சாலையில் சைக்கிளைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்க இடமில்லாத கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத் தெருவிலும் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது செய்யாமல் பிள்ளைகளுக்கு சைக்கிளை மட்டும் கொடுத்து என்ன பிரயோசனம்?

மத்திய அரசு 2018-ல் அறிவித்தபோது உச்ச வரம்பு, நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, இருசக்கர வாகனத்துக்கு 60 என்று இருந்தது. இதைவிடக் குறைத்து வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 என்று வைத்தார்கள். பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம், எங்கள் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிற ரோட்டில் 30 என்று பலகை வைத்து, வெள்ளை வர்ணம் அடித்த வேகத்தடை போடட்டும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடி போகும் ரோடுகளில், தார் ஓரம் பள்ளமில்லாமல் கெட்டியாக நிரவி சைக்கிளுக்கு விடட்டும். நகரங்களில் தனிப் பாதை போடுகிறவர்கள், மோட்டார் வண்டி நுழைய முடியாதபடி வாயிலில் கம்பம் நடட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயசு ஆகாத மகன் கையில் பைக் சாவியைக் கொடுத்துவிட்டு 'நல்லா ஓட்டுவான்' என்று பெருமைப்படாதீர்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி அவன் விபத்து செய்தாலோ பிடிபட்டாலோ, பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். நம் பையன் முறுக்குகிற வேகத்தில்தான் அடுத்த வீட்டுப் பெண்ணின் சைக்கிள் ஓரத்துக்குப் போகிறது.

கிராம சபை, பேரூராட்சிக் கூட்டம் எது நடந்தாலும் குடிதண்ணீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாவட்டம், அதைப் பயமில்லாமல் ஓட்டவும் வழி காட்டட்டுமே.

- ஓர் இல்லத்தரசி, அரிமளம்