வளையத்திலிருந்து ஒரு கிளை

பலகையிற் புறப்பட்டு, வீட்டைச் சுற்றி, மீண்டும் பலகைக்கே திரும்புவது வளையச் சுற்று. இரு வழியாகவும் மின் வருவதால் அதன் 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பிக்கு 32 அம்பியர்க் காப்புப் போதுமானது. கிளைக் கம்பிக்கோ ஒரே வழி! அது ஒரு குதையோடு நின்றாற் கேடில்லை. புதிய அறைக்கென இரண்டு, மூன்று எனத் தொடுத்துச் செல்கின்றோமே, அதுதான் ஆபத்து. 30 அம்பியர் பாய்ந்தாலும் பலகைக் காப்பு அசையாது. கம்பியின் உறையே வெந்து கெடும்.

எனவே கிளை பிரியுமிடத்தில் 13 அம்பியருக்கு மேற்படாத உருகி கொண்ட இணைப்புப் பெட்டியை அமைத்தல் வேண்டும். கேத்தலும் மின்னடுப்பும் ஒருங்கே இயங்கின் உருகி போகும். போகட்டும், அதற்காகவே வைத்தோம். (அதிற் சிகரெட்டுத் தாளைச் சுற்றும் கெட்டிக்காரரையும் நாம் கண்டிருக்கின்றோம்.)

தலைமை ஆளியை நிறுத்தி, மின்னில்லையெனச் சோதித்த பின்னர், தகுதி பெற்ற மின்வினைஞரே கைவைக்கட்டும். நாம் அவருக்குக் கைவிளக்குப் பிடித்தாற் போதும்.