சத்துமாவு வீட்டுக்கு வந்துடுச்சு... குழந்தை வாய்க்குப் போச்சா?



செட்டிநாட்டுச் சாப்பாடுன்னா உலகத்துக்கே தெரியும். காரைக்குடி பேரைப் போட்டாலே ஹோட்டல்ல கூட்டம் நிக்குது. ஆனா நம்ம தமிழ்நாட்டுல 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைகள்ல நாலுல ஒண்ணு வயசுக்கேத்த உயரம் இல்ல. 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்றது இது.

"வறுமைதான் காரணம்"னு சொல்லிட்டுப் போயிடலாம். பாதி உண்மைதான். ஆனா ரேஷன்ல அரிசி இலவசம், அங்கன்வாடியில சத்துமாவு இலவசம். அப்புறம் எங்க தடுக்குது?

👉 பிறந்த அன்னைக்கே. 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கிடைக்கிறது சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்குத்தான். சிசேரியன் ஒரு காரணம். "முதல்ல சேனை வைக்கணும்"னு நாக்குல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிற பழக்கம் இன்னொரு காரணம்.

👉 6 மாசத்துல இருந்து 2 வயசு வரை. முட்டை கொடுத்தா சூடு, வாழைப்பழம் கொடுத்தா சளின்னு ஒதுக்கிடுறோம். மிஞ்சுறது தண்ணியாக் கரைச்ச கஞ்சியும் டீயில நனைச்ச பிஸ்கட்டும்தான். சத்துமாவையோ கொழுக்கட்டை பிடிச்சு வீடே சாப்பிட்டுடுது. இந்த வயசுல விட்ட உயரத்தைப் பின்னால சத்துணவு போட்டு முழுசா மீட்க முடியாது.

👉 கடைசியாச் சாப்பிடுற அம்மா. எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதுதான் அவங்களுக்கு. சின்ன வயசுலயே கல்யாணம், அடுத்தடுத்து பிரசவம் வேற. தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. அந்த உடம்புல இருந்து பிறக்கிற குழந்தை எடை குறைவாப் பிறந்தா, அது அம்மாவோட தப்பா?

👉 நேரம். கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை பொறுமையா ஊட்டணும். விடிகாலையில கூலி வேலைக்குப் போற அம்மா எப்படி ஊட்டுவாங்க?

இதெல்லாம் சரிபண்ண முடியாததா? 1980-ல உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்துச்சு. சிவகங்கை தனி மாவட்டம் ஆகாத காலம். நாம அப்போ ராமநாதபுரம் மாவட்டம். முதல்ல எடுத்த மாவட்டங்கள்ல நம்ம மாவட்டமும் ஒண்ணு. 3 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளை மாசாமாசம் எடை போட்டாங்க. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்து, அம்மாவுக்கு வளர்ச்சி அட்டையைக் காட்டிப் புரியவெச்சாங்க. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைஞ்சுது. உணவோட சேர்த்து கவனிப்பும் போச்சு, அதான் விஷயம்.

அரசு கிட்ட நாம கேட்க வேண்டியது: அரசு ஊழியருக்கு 12 மாசம் பேறுகால விடுப்பு, நல்லது. சித்தாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போற அம்மாவுக்கு? வேலை செய்ற இடத்துல குழந்தைகளைப் பார்த்துக்க ஆள் வேணும்னு 100 நாள் வேலைச் சட்டம் 2005-லயே எழுதிவெச்சுது. அது எல்லா வேலைத்தளத்துக்கும் நடைமுறைக்கு வரணும். 2 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்குப் பகல் காப்பகம் ஊருக்கு ஊர் வேணும்.

வீட்ல நாம செய்ய வேண்டியது: அப்பத்தா, அய்யா, அப்பாமாரே! இது அம்மா ஒருத்தியோட வேலை இல்ல. இந்த மாசம் அங்கன்வாடிக்கு நீங்க குழந்தையைத் தூக்கிட்டுப் போங்க. எடை எவ்வளவு, போன மாசத்தை விட ஏறியிருக்கான்னு கேளுங்க. இன்னைக்கு ராத்திரி, அம்மா தட்டுல முதல்ல சோறு போடுங்க.

படிச்சதோட விடாம, உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க.

#முதல்_ஆயிரம்_நாள் #காரைக்குடி #சிவகங்கை