ஊசிக்கு முன்னால் ஒரு குப்பி ரத்தம்

காய்ச்சல் என்றால் செட்டியார்பட்டிக்காரர்கள் முதலில் போவது மெடிக்கல் கடைக்கு. அடுத்தது ஊசி. அதற்கும் விடாவிட்டால்தான் ராஜபாளையத்துக்கு பஸ். சாதாரணக் காய்ச்சலுக்கு இது தாங்கும். கீமோ எடுப்பவர், டயாலிசிஸில் இருப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், செயற்கை வால்வு வைத்தவர், மூட்டுவலிக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்குபவர் ஆகியோருக்குத் தாங்காது.

இவர்களுக்கு ரத்தக்குழாயில் பொருத்திய டியூப் வழியாகக் கேண்டிடா என்ற பூஞ்சை உள்ளே இறங்கி, இதய வால்வில் படர்ந்துவிடலாம். அபூர்வம்தான். வந்தால் சுமார் பாதிப் பேரைப் பறிகொடுக்கிறோம். 'டைபாய்டாக இருக்கும்' என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது. அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும். வால்வில் வளர்ந்த திட்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். காலுக்குப் போனால் கால் சில்லிட்டு மரத்துவிடும்.

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டோம். கருப்புப் பூஞ்சையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்த நேரத்தில், ஆம்போடெரிசின் ஊசிக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். வால்வில் கேண்டிடா பிடித்தாலும் முக்கிய மருந்துகளில் ஒன்று அதுதான். கூடவே பெரும்பாலும் வால்வு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

நாம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. இத்தகைய நோயாளி காய்ச்சலோடு வந்தால், ஆன்டிபயாடிக் போடும் முன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் இரவோ ஞாயிறோ எந்த நேரமும் இது நடக்க வேண்டும். எடுத்த குப்பி அன்றைக்கே, 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஐஸ் பெட்டிகூட வேண்டாம். அந்தக் குப்பியைக் குளிரவைக்கவே கூடாது. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி கடல் தாண்டிப் போகிறது. ஒரு குப்பி ரத்தம் விருதுநகர் போகாதா?

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றதும் விட்டுவிடவும் கூடாது. வால்வைப் பிடிக்கும் இன்னொரு பூஞ்சையான ஆஸ்பெர்ஜில்லஸ் ரத்தக் கல்ச்சரில் அநேகமாகச் சிக்காது. இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். கால் ரத்தக்குழாயிலிருந்து அடைப்பை எடுத்தால் அதைக் குப்பையில் போடாமல் பூஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டால் இதைத் தொடங்கிவிடலாம். அதுவரை, வால்வு மாற்றியவர்களும் கீமோ எடுப்பவர்களும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.