வாத்தியார் வேலை



நான் ஏழாம் வகுப்பு பயின்ற நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் அனைவரும் ஆடவரே. இன்றோ பெரம்பலூர் வட்டாரச் சிற்றூர்களில் தலைமையாசிரியை முதல் யாவரும் பெண்களாயிருக்கும் பள்ளியைக் காண்பது அரிதன்று. 1950-51இல் இந்திய நடுநிலைப் பள்ளிகளில் நூறு ஆண் ஆசிரியருக்கு இருபது பெண்கள்கூட இல்லை. 2024-25இல் நாட்டின் பள்ளியாசிரியருள் பெண்கள் 54 விழுக்காடு. தமிழக அரசுப் பணிகளில் 1989இல் அவர்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டதும் இதற்குத் துணையாயிற்று.

இதில் வருந்த யாதுமில்லை. ஆசிரியை இருக்கிறார் என்ற துணிவில்தானே பல தாய்மார் பருவமெய்திய மகளைப் பள்ளிக்கு அனுப்பினர்!

எனினும் ஒன்று உறுத்துகிறது. தந்தை துபாயிலோ திருப்பூரிலோ இருக்க, மீசை அரும்பும் சிறுவன் தன் ஐயத்தைக் கேட்க வீட்டிலும் ஆணில்லை, பள்ளியிலுமில்லை. (சாமியார் இருக்கிறாரே என்பீர்கள். என்னைக் கண்டால் ஓடுகிறான்!)

ஆசிரியைகள் எவர் இடத்தையும் பறிக்கவில்லை. நம் இளைஞரே விலகுகின்றனர். 2013இல் தகுதித் தேர்வில் தேறியும் பல்லாண்டு நியமனமின்றிக் காத்திருந்தோரை நாடறியும். அத்தனை காலம் எந்த வீடு பொறுக்கும்?

அண்மையில் ஆசிரியப் பயிற்சி முடித்த பங்கு இளைஞன் ஒருவனுக்குப் பெண் கேட்டோம். "வாத்தியார் வேலைக்குத்தானா, சாமி?" என்றார் பெண்ணின் தந்தை. அவன் இன்னும் காத்திருக்கிறான். மாலையில் பங்கு மண்டபத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான். அவனைக் கண்டு எவனும் ஓடுவதில்லை.