மீன் தண்ணீருக்கு எந்தப் பாத்திரம்?

வீட்டில் மீன் வளர்க்க ஆரம்பிப்பவர்கள் தொட்டியை மட்டும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கூழாங்கல் என்ன நிறம், பின்னால் ஒட்டுகிற படம் கடலா காடா, குமிழி விடுகிற பொம்மை புதையல் பெட்டியா முதலையா என்று கடையிலேயே ஒரு பட்டிமன்றம் நடக்கும். தண்ணீர் மாற்றுகிற நாள் வந்ததும் குளியலறையில் கிடக்கிற பக்கெட்டைத் தூக்கி வருவார்கள். மறுநாள் இரண்டு மீன் மிதக்கும். "கடைக்காரன் நோஞ்சான் மீனைத் தலையில் கட்டிட்டான்" என்று தீர்ப்பும் ஆகிவிடும். பாவம் கடைக்காரர்!

குழாய்த் தண்ணீரை ஒன்றிரண்டு நாள் பிடித்து வைத்து ஊற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். கிருமி சாகட்டும் என்று தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். இந்தியக் குடிநீர்த் தரக்குறியீடு ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. மனிதருக்கு அது காவல், மீனின் செவுளுக்கு அதுவே விஷம். திறந்து வைத்தால் குளோரின் காற்றோடு போய்விடும். இதுவரை எல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டு நாளில் பாத்திரத்திலிருந்து தண்ணீருக்குள் என்ன இறங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீரை வைத்திருப்பது பாதி வேலைதான். எதில் வைப்பது என்பதுதான் மீதிப் பாதி.

முதல் பலி, பரணிலிருந்து இறங்கும் பித்தளை அண்டா. தாத்தா காலத்துச் சொத்து, 40 லிட்டர் பிடிக்கும், சும்மாதானே இருக்கிறது என்று தோன்றும். பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே, மீனுக்கும் நல்லதுதானே என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உண்மை நேர் எதிர். மிகக் கொஞ்சம் செம்பு கரைந்தாலே மீனுக்கு ஆபத்து. இறால், நத்தை வளர்ப்பவர்களுக்கு இன்னும் மோசம், அவை அந்த அளவைக்கூடத் தாங்காது. அதிலும் மழைநீர் மாதிரி மென்மையான தண்ணீராக இருந்தால் செம்பின் நஞ்சு இன்னும் கடுமையாகும். துத்தநாகப் பூச்சு போட்ட தகர வாளிக்கும் இதே கதைதான். அண்டா கல்யாணத்துக்கே இருக்கட்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் இந்தப் பயம் இல்லை, ஆனால் அவ்வளவு பெரிதாக வாங்கப் பணம் வேண்டும்.

மண்பானை நச்சு இல்லாததுதான். ஆனால் அது தண்ணீரைக் குளிர வைக்கும், அதற்காகத்தானே கோடையில் வாங்குகிறோம்! பானைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் தொட்டியின் சூடு சட்டென்று இறங்கும், அந்த அதிர்ச்சிக்குப் பின்னாலேயே வெள்ளைப் புள்ளி நோய் வரும். புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியோ சுண்ணாம்பைக் கரைத்துத் தண்ணீரைக் காரமாக்கும். பல தடவை நிரப்பி, ஊறவிட்டு, கொட்டிய பிறகுதான் அதை நம்பலாம்.

கடைசியில் மிஞ்சுவது பிளாஸ்டிக். அதிலும் கண்டது உதவாது. பெயின்ட், ரசாயனம் வந்த பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது மீனுக்குக் குழி தோண்டுகிற வேலை. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது முழுதாகப் போகாது. உணவுப் பொருள் வைக்கிற தரமா என்று பார்க்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் பொதுவாகப் பயமில்லை. அதைவிட எளிய சோதனை மூக்குதான். வெந்நீர் ஊற்றி மூடி, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தால் வாடை அடிக்கக் கூடாது.

வாய் அகலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் குளோரின் வெளியேறுவது மேற்பரப்பு வழியாகத்தான். காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனில் பிடித்து வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கழுத்துக்குள் கைகூட நுழையாது, கழுவுவது எப்படி? அதே 20 லிட்டர் கொள்கிற அகலமான டப் எவ்வளவோ மேல். ஏர் பம்பின் கல் ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

20 லிட்டர் போதுமா என்றால், பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளமாகப் போதும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி முழுதாக நிரப்பினாலே சுமார் 57 லிட்டர்தான். வாரம் கால் பங்கு மாற்றினால் 14 லிட்டர். இதற்குப் போய் 200 லிட்டர் நீல டிரம் வாங்கிப் பால்கனியில் நிறுத்துவது எதற்கு? நிரம்பினால் 200 கிலோ, அசைக்கக்கூட முடியாது.

பெரிய டிரம்மில் இன்னொரு வம்பும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ வார்டு கிடையாது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முழுக்க மூடினால் குளோரின் போகாது, திறந்து வைத்தால் கொசு வரும். வழி ஒன்றுதான், பழைய கொசுவலைத் துணியை வாயில் இழுத்துக் கட்டுவது. ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போகாது, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் உள்சுவரைத் தேய்க்க வேண்டும், சோப்பு இல்லாமல்.

பாத்திரம் எவ்வளவு நல்லதானாலும் அதனால் ஆகாத காரியங்களும் உண்டு. போர் தண்ணீரின் உப்பு எத்தனை நாள் வைத்தாலும் குறையாது, ஆவியாக ஆக ஏறத்தான் செய்யும். அமெரிக்காவில் பல நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள். அது இரண்டு நாளில் பறந்துவிடாது, மருந்து ஊற்றித்தான் முறிக்க வேண்டும். அங்கே படிக்கப் போன பிள்ளைகள் ஊர்ப் பழக்கத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்து ஏமாறக் கூடாது.

நல்ல டப் வாங்கியாகிவிட்டது என்றால் அதன் மேல் அழியாத மையில் "மீன் தண்ணீர்" என்று பெரிதாக எழுதிவிடுவது உத்தமம். இல்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை வீடு துடைக்க அதில்தான் பினாயில் கலப்பார்கள்.