பூஸ்டரைக் கழற்றலாமா?

எங்கள் தெருவில் ஒரு கான்டெஸா கிளாசிக் நிற்கிறது. வைத்திருப்பவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒரகடம் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்ரோல் இன்ஜின் போன பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய டீசல் இன்ஜினை வாங்கி ஏற்றினார். அன்றிலிருந்து பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. மெக்கானிக் சொன்ன வைத்தியம் இது: "பூஸ்டரைத் தூக்கிட்டு மாஸ்டர் சிலிண்டரை டைரக்டா குடுத்துடலாம் சார். பழைய அம்பாசிடர், ஃபியட்டுக்கெல்லாம் பூஸ்டரா இருந்துச்சு?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் பலரும் அந்த வண்டிகளை மிதித்து ஓட்டியவர்கள்தானே. ஆனாலும் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்குள் ஷூ உராயும்போது, சக்கரத்தின் சுழற்சியே முன்பக்க ஷூவை டிரம்மோடு இன்னும் இறுக்கும். காலுக்கு அது இலவச உதவி. டிஸ்க் பிரேக்கில் அந்த உதவி கிடையாது. சுழலும் தட்டை இரண்டு விரலால் இருபுறமும் பிடிப்பது போலத்தான். முழு பலமும் காலிலிருந்து வர வேண்டும். டிஸ்க்குக்குச் சூட்டில் பிடிமானம் அவ்வளவாகக் குறையாது, மழைத் தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். இந்த நன்மைகளுக்காக டிஸ்க்கை வைத்தவர்கள், பலம் போதாது என்று பூஸ்டரையும் சேர்த்தார்கள். பிரெஞ்சில் இதற்கு 'செர்வோ-ஃப்ரேன்' என்று பெயர். பிரேக்குக்கு ஒரு வேலையாள் என்று சொல்லலாம், பொருத்தமான பெயர்.

அந்த வேலையாளுக்குச் சாப்பாடு வேக்குவம். பெட்ரோல் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயில் அது தானாகவே உண்டாகும். டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் தட்டு இல்லாததால் அங்கே வேக்குவம் கிடைக்காது. அதற்காகத்தான் நம் ஊர் டீசல் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். நண்பர் வாங்கிய இன்ஜினோடு வந்தது பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டர். நோய் அங்கே இருக்க, பழி பூஸ்டர் மேல் விழுந்தது.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 கிலோ அழுத்தத்தில் மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூஸ்டர் உள்ள கார்களில் பெடல் அதைச் சுமார் 4 மடங்காக்கும்: 120 கிலோ. எட்டு அங்குல விட்டமுள்ள பூஸ்டர், நல்ல வேக்குவம் இருந்தால், தன் பங்குக்குச் சுமார் 225 கிலோ சேர்க்கும். மொத்தம் 345. பூஸ்டரைக் கழற்றினால் மிஞ்சுவது 120, மூன்றில் ஒரு பங்கு.

முறையாகச் செய்பவர்கள் வெறுமனே கழற்றிவிடுவதில்லை. பெடலின் கீல் இடத்தை மாற்றி 6 மடங்காக்குவார்கள்: 180 ஆகிறது. ஒரு அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 7/8 அங்குலம் போட்டால் அழுத்தம் இன்னும் 30 சதவீதம் ஏறும், கிட்டத்தட்ட 235க்குச் சமம். அப்போதும் 345 வரவில்லை. போதாததற்குப் பெடல் முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் இறங்க வேண்டும். லைனில் கொஞ்சம் காற்று நின்றால்கூட மிதி தரையைத் தொடும்.

பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் ஓடாது என்று சொல்ல மாட்டேன். சித்ரோன் 2சிவி காருக்கு 1981இல் முன் டிஸ்க் வந்தது, பூஸ்டர் கிடையாது. எடை 600 கிலோ அளவுதான். பந்தயக் கார்கள் பலவற்றிலும் கிடையாது. அந்த டயரும் பேடும் வேறு, ஓட்டுபவரின் காலும் வேறு. கான்டெஸா ஏறக்குறைய 1,200 கிலோ. நம் முழங்கால்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்களின் பிரேக்குக்கு ஐ.நா.வின் 13-எச் என்று ஒரு விதி உண்டு. 500 நியூட்டனுக்குள், அதாவது சுமார் 50 கிலோவுக்குள் மிதித்து, 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பூஸ்டர் போன்ற ஒரு உறுப்பு பழுதான நிலையில் 168 மீட்டர் வரை விடுகிறார்கள். அது பழுதான வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கத் தரும் சலுகை. அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் சாலையிலிருந்து கன்டெய்னர் லாரிகள் ஜி.எஸ்.டி. சாலைக்குத் திரும்பும் நம் சந்திப்பில் ஓட்டுவதா? அதுவும் அவருக்குப் பழகிய கால் சரி, அவசரத்துக்கு மகளோ மருமகனோ எடுத்தால்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதைக் கறாராகவே சொன்னது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளுக்கு இடம் உண்டு, வண்ணத்துக்கும் உண்டு, பூஸ்டருக்குக் கட்டம் கிடையாது. கழற்றியது எந்தக் கோப்பிலும் ஏறாது. அடுத்து வாங்குகிறவர் முதல் பிரேக்கில்தான் தெரிந்துகொள்வார்.

உங்கள் வண்டியில் பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை பெடலை மிதியுங்கள், இறுகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முதலில் வேக்குவம் ஹோஸையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும் பாருங்கள், பிறகு பூஸ்டரைச் சந்தேகிக்கலாம்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "மெக்கானிக்கைவிட உங்களுக்குத் தெரியுமா?" என்றார், கோபமாக இல்லை. மறுநாள் அவரே வந்து, பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் புதுப்பேட்டையில் கிடைக்குமா என்று கேட்டார். தேடினால் கிடைக்கும் என்றேன். பம்ப்புக்கு எண்ணெய் போகும் குழாய்களும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். வேக்குவம் ஹோஸை மட்டும் பழையதில் எடுக்காமல் புதிதாக வாங்க வேண்டும்.