மணவாழ்வை எழுதியவளிடம் கேட்கப்படும் கேள்வி

மீனா கந்தசாமி 2017இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘வென் ஐ ஹிட் யூ’ நாவலின் கணவன் கல்லூரி ஆசிரியன், பொதுவுடைமை பேசுபவன். மனைவியை முகநூலிலிருந்து விலக்குவதற்கும், அவள் மின்னஞ்சல்களை அழிப்பதற்கும், அடிப்பதற்கும் அத்தத்துவத்தையே நியாயமாக்குகிறான். (அம்பேத்கரியம் பேசும் நம் அரங்குகளும் இதற்கு விலக்கல்ல.)

தம் வன்முறை மணவாழ்வு குறித்து மீனா 2012இலேயே கட்டுரை எழுதியிருந்ததால், பலர் நாவலையும் நினைவுக்குறிப்பாகவே வாசித்தனர். துயரத்துக்கு இரங்கி எழுத்தாற்றலை மறுக்கும் இவ்வாசிப்பு, ‘கருக்கு’ எழுதிய பாமா முதல் தலித் பெண்கள் நன்கறிந்தது. கதையையும் தம் குறிப்புகளையும் ஒரே பக்கத்தில் தனித்தனியே அச்சிட்ட 2019ஆம் ஆண்டு நூலே மீனாவின் விடை.

“முதல் அடியிலேயே ஏன் வெளியேறவில்லை?” என்பது மற்றொரு எதிர்வினை. வெளியேறுபவள் எங்கே செல்வாள்? நாவலில் பெற்றோரே பொறுத்துக்கொள்ளச் சொல்கின்றனர். சொந்த ஊதியமும் தங்குமிடமும் அன்றி வேறு வழியில்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில், ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்புதான், அந்நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் மணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கோரியது. கணவனை விட்டு வந்த, விவாகரத்து இன்னும் கிடைக்காத பெண்ணை அங்குள்ள ஆலைகள் எந்தக் கணக்கில் சேர்க்கும் என்பதைத் தொழிற்சங்கங்கள் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும்.